தேதி பார்த்துச் சொல்கிறோம்

ஃபஹாஹீலில் ஆகஸ்ட்.
நள்ளிரவிலும் குழாயைத் திறந்தால் வெந்நீர்.
ஷிப்ட் முடிந்து வந்து, சேஃப்டி ஷூவைக்கூடக் கழற்றாமல்
போனைத் திறக்கிறேன்.
செப்டம்பர் பட்டியல் வந்திருக்கும்.

நான்காம் பிரிவு, உடன்பிறந்தோர். இந்தியா.
விரலை இறக்கினால் ஒரு தேதி நிற்கும்.
அதற்கு முன்னால் மனுப் போட்டவர்களைக் கூப்பிடுவார்கள்.
எங்களுடையது மார்ச் பதினான்கு, இரண்டாயிரத்து ஏழு:
டாலஸில் குடியுரிமை வாங்கிய சூட்டோடு
பெர்க்மான்ஸ் அண்ணன் எனக்காகத் தபாலில் போட்ட உறை
போய்ச் சேர்ந்த நாள்.
அன்று என் தலையில் முடி இருந்தது.

ஆலையில் என் வேலை முள் பார்ப்பது.
அழுத்தம், வெப்பம், மட்டம்.
முள் நடுங்கினால் எங்கோ ஒரு வால்வு, ஒரு கசிவு,
தேடிப் போனால் அகப்பட்டுவிடும்.
இந்த முள் ஒரு மாதம் மூன்று வாரம் முன்னே போகிறது,
ஏழு மாதம் சும்மா நிற்கிறது.
போன கோடையில் ஐந்து மாதம் பின்னே போயிற்று.
வருடத்து ஒதுக்கீடு தீர்ந்தது என்று கீழே ஒரு வரி.
ரேஷன் வரிசையில் முன்னால் நிற்பவன் முதுகாவது தெரியும்.

பிலோமியிடம் ஒரு பச்சை ஃபைல்.
ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று,
பழைய இக்காமாக்களின் நகல்.
இப்போது தேவையில்லை என்றாலும்
இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூவரும் போய்
புதுப் படம் எடுத்து வருவோம்.
இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி,
காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது.
முதல் படத்தில் இன்பென்டாவுக்குக்
காட்டுவதற்குப் பல்லும் இல்லை.

இருபத்தொன்று ஆகிவிட்டால் பிள்ளை பிள்ளை இல்லையாம்.
ஆனால் மனு அங்கே மேசையில் கிடந்த நாட்களை
வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாமாம்.
இரண்டு வருடம் ஏழு மாதம்.
ஆகவே சல்மியாவில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து
என் பிறந்தநாளுக்குத் தன் சம்பளத்தில் வாட்ச் வாங்கித் தந்தவளுக்கு
அமெரிக்காவின் கணக்கில் வயது இருபது.
அந்த இருபது முடிய இன்னும் பத்து மாதம்.
தேதி எங்களைத் தொட இன்னும் நான்கு மாதம் நகர வேண்டும்.
நான்கு மாதம் நகர எத்தனை மாதம் ஆகும்?
அண்ணனுக்கும் தெரியவில்லை. வக்கீலுக்கும்.

இன்னொன்றும் உண்டு.
மணமானால் அன்றே அவள் பெயர் ஃபைலிலிருந்து போய்விடும்.
அப்பாஸியாவிலிருந்து டெரன்ஸின் அப்பா
இரண்டு முறை அல்வாவோடு வந்து கேட்டார்.
தேதி பார்த்துச் சொல்கிறோம் என்றோம்.
தவக்காலம் கழியட்டும் என்கிறோம் போல என்று
தலையாட்டிவிட்டுப் போனார் மனிதர்.
அது முந்தின வருடத்துத் தவக்காலம்.

"என்னப்பா, எவ்வளவு?"
ஹாலில் விளக்குப் போடாமல் நிற்கிறாள்.
"ரெண்டு வாரம். முன்னாடிதான்."
"சரி. நானும் ஒரு தேதி பார்த்துட்டேன்.
ஜனவரி எட்டு, வெள்ளிக்கிழமை.
அகமதி கோயில் அன்னிக்கு சும்மாதான் இருக்காம்."

உள்ளே பிலோமி எழுந்து உட்காரும் கட்டில் சத்தம்.
ஏசி ஒரு முறை இருமிவிட்டு ஓடியது.
பத்தொன்பது வருடம் என்று சொல்ல வாய் திறந்தேன்.
"ஹால் வாடகை எவ்வளவாம்?" என்று வந்தது.

ஓலை வாசிக்க எழுதிக் கொடுக்கப் போனபோது
பெண்ணின் படம் கேட்டார்கள்.
பிலோமி பச்சை ஃபைலைப் பிரித்து
புதிதாக எடுத்ததில் ஒன்றை வெட்டிக் கொடுத்தாள்.
காதுகள் தெரிந்தன.
வாங்கிப் பார்த்த அலுவலகப் பெண்மணி
மூக்குக்கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்:
"சிரிச்ச மாதிரி ஒண்ணு இல்லையா?"